விலை போடாத சந்தோஷம்

பூ அடுக்கவும் வாட்டர் கலர் தீட்டவும் வார இறுதியில் கூட்டம் சேர்கிறது. இது மருந்தா, மோகமா, வசதி உள்ளவர்களின் விளையாட்டா?

மரவள்ளி இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உடம்பாகின்றன. மாதுளம்பூ மூக்காகிறது. நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும் சிறகு. வெள்ளரளியும் செவ்வரளியும் வால். காக்காப்பொன் துணுக்கு இரண்டு, கண்கள். எல்லாவற்றையும் வாழைநார் இறுக்கிப் பிடிக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் அமர வேண்டிய கிளி பொழுது சாய்வதற்குள் தயாராகிவிடுகிறது. பல மணி நேர வேலை. செய்த கையின் பெயர் அதில் எங்கும் இருக்காது. மறுநாள் அந்தக் கிளிக்கு வேலை இல்லை. இன்னொரு கிளி, மறுபடி முதல் இலையிலிருந்து. தலைமுறை தலைமுறையாக இப்படியே நடக்கிறது.

அங்கே பக்தி என்று ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் சென்னையிலும் கோவையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைநாள் வகுப்புக்குப் பணம் கட்டி உட்கார்ந்து, ஜாடியில் பூ அடுக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அப்படி ஒரு காரணம் இல்லை. மயிலாப்பூர் தெப்பக்குளப் படியில் சின்ன வண்ணப்பெட்டியைத் திறந்து வைத்துக் கோபுரத்தை வரைந்துகொண்டிருக்கும் ஐடி ஊழியருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கும் இல்லை. ‘இதனால என்ன பிரயோஜனம்?’ என்று பக்கத்தில் நின்று கேட்பவருக்கு அவர்களால் ஒழுங்காகப் பதில் சொல்லவும் முடிவதில்லை. பெரும்பாலும், ‘சும்மாதான்’ என்கிறார்கள்.

இந்த அலை நேற்று முளைத்தது அல்ல. சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-ல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ என்ற தெருவில் உட்கார்ந்து வரையும் இயக்கம் உலகம் முழுக்கக் கிளைவிட்டது. 2013-ல் ஜோஹன்னா பாஸ்ஃபோர்டின் ‘சீக்ரெட் கார்டன்’ பெரியவர்களுக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்கு ஒரு சந்தையையே உண்டாக்கியது. 2020 ஊரடங்கு, வீட்டுக்குள் அடைபட்ட கைகளுக்கு வேலை தேடவைத்தது. வரலாறு இவ்வளவு போதும். அந்த ‘சும்மாதான்’ என்ற பதிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் இப்போதைய கேள்வி. முழுசாக நம்பலாம் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. இந்தக் கலைகளின் சந்தோஷம் அவற்றைச் செய்யும் நேரத்திலேயே கிடைத்து முடிந்துவிடுகிறது. வருமானம், ஆரோக்கியம், பாராட்டு என்று வேறு எதற்காவது அதை ஏணியாக்கினால் சந்தோஷம்தான் முதலில் கழன்றுகொள்கிறது.

ஈரம் காய்வதற்குள்

பூவையும் நீர்வண்ணத்தையும் ஒரே மூச்சில் பேசக் காரணம் உண்டு. இரண்டுமே முழுசாகச் சொன்ன பேச்சைக் கேட்காத பொருள்கள். எண்ணெய் வண்ணத்தில் தப்பு நடந்தால் காயவிட்டு மேலே இன்னொரு பூச்சுப் பூசலாம். நீர்வண்ணத்தில் அந்தச் சலுகை குறைவு. தாளில் ஈரம் இருக்கும் சில நிமிடங்களுக்குள் வானம் முடிந்தாக வேண்டும். பாதி காய்ந்த இடத்தில் ஆசைப்பட்டு இன்னொரு சொட்டு வைத்தால் அது காலிஃபிளவர் போலக் கறையாகப் பரவி நின்றுவிடும். வெள்ளை நிறத்தைப் பொதுவாகப் பூசுவதில்லை; வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை விட்டுவைக்க வேண்டும். எங்கே தொடக் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் தூரிகையை நனைக்க முடியும். பூவும் அப்படித்தான். காம்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சாயும். வெட்டிய காம்பு வெட்டியதுதான். மல்லிகை மொட்டு மாலையில் அவிழ்ந்துவிடும் என்பதால் தொடுப்பவரின் விரலுக்கு வெயில்தான் கெடு வைக்கிறது.

இந்த நெருக்கடிக்குள்தான் சந்தோஷம் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு உளவியலில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஹங்கேரிய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய், 1960-களில் ஓவியர்களைக் கவனித்தபோது ஒன்று அவரை யோசிக்கவைத்தது. வரையும்போது பசியையும் களைப்பையும் மறந்து கிடந்தவர்கள், படம் முடிந்ததும் அதன்மேல் அக்கறை இழந்து அடுத்ததற்குப் போனார்கள். முடிந்த படம்தான் கூலி என்றால் இப்படி நடக்க நியாயமில்லை. அந்தப் புதிரிலிருந்து கிளம்பியவர், இப்படி மூழ்கிக் கிடக்கும் நிலையைப் பல துறைகளில் ஆராய்ந்து 1975-லும் 1990-லும் புத்தகங்களாக எழுதினார். அவர் கண்ட நிபந்தனைகளில் மூன்று முக்கியமானவை: என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்பது உடனே தெரிய வேண்டும், வேலையின் கடினம் நம் திறமைக்குச் சற்றே எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அலுவலக வேலை பலவற்றில் இரண்டாவது நிபந்தனை அடிபட்டுப்போகிறது. இன்று அனுப்பிய அறிக்கை நல்லதா என்பது ஆறு மாதம் கழித்து வரும் மதிப்பீட்டில்தான் தெரியும், பல சமயம் அப்போதும் தெரியாது. தூரிகை தாளில் பட்ட நொடியில் நீர்வண்ணம் தீர்ப்பு சொல்லிவிடுகிறது. கசப்பான தீர்ப்பாக இருந்தாலும் உடனே வருவதில் ஒரு நிம்மதி உண்டு.

| பெட்டிச் செய்தி: வண்ணப்பெட்டிக்குள் என்ன? |
நிறப்பொடியும், ஒருவகை வேல மரத்திலிருந்து எடுக்கும் ‘கம் அராபிக்’ பிசினும்தான் நீர்வண்ணத்தின் உயிர். பிசின், பொடியைத் தாளோடு ஒட்டவைக்கிறது. கெட்டியான வில்லைகளாக வண்ணம் செய்ததற்காக இங்கிலாந்தின் ரீவ்ஸ் சகோதரர்களுக்கு 1781-ல் விருது கிடைத்தது; பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் வரையும் பழக்கத்துக்கு அது வழிவிட்டது. ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792-ல் தென்னாட்டுப் பயணம் கிளம்பி மதுரை, தஞ்சாவூர், மாமல்லபுரம் காட்சிகளைத் தாளில் பிடித்தார்கள். தஞ்சாவூர் ஓவியர்களும் வெள்ளைக்காரர்களுக்காக உள்ளூர்த் தொழில்களையும் மனிதர்களையும் நீர்வண்ணத்தில் தீட்டிக் கொடுத்தார்கள். தொடங்குகிறவர்களுக்குச் செலவு செய்ய வேண்டிய இடம் தாள்தான்: 300 ஜிஎஸ்எம் கனமுள்ளது நனைந்தாலும் அதிகம் சுருளாது. வண்ணம் ஐந்தாறு போதும். காய்ந்தபின் நிறம் வெளுக்கும் என்பதை நினைவில் வைத்து ஒரு சாயல் கூட்டியே பூச வேண்டும்.

மருந்துச் சீட்டு எழுதலாமா?

‘கலை மன அழுத்தத்தைக் குறைக்கும்’ என்று வகுப்பு நடத்துகிறவர்கள் எல்லாரும் விளம்பரத்தில் போடுகிறார்கள். ஆதாரம் இருக்கிறது, விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. அதிகம் காட்டப்படும் சான்று, அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வு. 18 முதல் 59 வயது வரையிலான 39 பேரிடம் களிமண், மார்க்கர், ஒட்டுப்படக் காகிதங்களைக் கொடுத்து 45 நிமிடம் இஷ்டப்படி செய்யவிட்டார்கள். முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து, அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் ஹார்மோனை அளந்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. ஏற்கெனவே படம் வரைந்து பழகியவர்களா, புதியவர்களா என்பது அந்தக் குறைவில் வித்தியாசம் காட்டவில்லை. கைமலின் ஆய்வில் உண்மையிலேயே விலைமதிப்புள்ள வரி இந்தக் கடைசி வரிதான். ஆனால் ஆள் எண்ணிக்கை சிறியது. கலை எதுவும் செய்யாமல் 45 நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருந்த இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

பெரிய கணக்கும் ஒன்று உண்டு. 16 நாடுகளில் 65 வயதுக்கு மேற்பட்ட 93,263 பேரின் தகவல்களைச் சேர்த்து 2023-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு, ஏதாவது ஒரு பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவு, வாழ்க்கையில் திருப்தி அதிகம் என்று கண்டது. டென்மார்க்கில் 96 சதவீதம் முதியவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது, ஸ்பெயினில் 51 சதவீதம். அந்தப் பதினாறில் இந்தியா இல்லை. பொழுதுபோக்கு என்ற தலைப்புக்குள் தோட்டமும் வாசிப்பும் விளையாட்டும் சேர்ந்தே வந்தன. இதைவிட முக்கியமான சிக்கல், உடம்பும் மனமும் தெம்பாக இருப்பவர்தான் பொழுதுபோக்கைத் தேடிப் போகிறார் என்றும் இதே எண்களை வாசிக்க முடியும் என்பது. ஆய்வாளர்கள் இதற்காகக் கணக்கைப் பல வகையில் சரிசெய்து பார்க்கிறார்கள். முழுசாகத் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துக் கலைக்கும் நலனுக்கும் உள்ள தொடர்பை ஏற்றுக்கொண்டது. அதை வைத்துக்கொண்டு, தீவிர மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘ஒரு பெயின்ட்டிங் கிளாஸ் போங்க, சரியாகிடும்’ என்று சொல்வது அநியாயம். அவருக்கு வேண்டியது மருத்துவர். படம் வரைவது கூட இருந்தால் நல்லது.

வேறொரு காரணத்துக்காகவும் மருந்து என்ற பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆரோக்கியத்துக்காக என்று தொடங்கிய நடைப்பயிற்சியைக் கைக்கடிகாரம் எண்ணத் தொடங்கியதும் அது கடமையாகிவிட்டதை இந்தத் தலைமுறை பார்த்துவிட்டது. தூரிகைக்கும் அதே கதி வர வேண்டாம்.

பரிசு தருகிறேன் என்றதும்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்து 1973-ல் வெளியிட்ட சோதனையைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே மார்க்கர் பேனாவால் ஆசையாகப் படம் வரையும் குழந்தைகள் 51 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம், ‘வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்தபின் திடீரென்று அதையே கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் வகுப்பில் மார்க்கரை வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசு பேசி வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களின் ஆசை குறையவில்லை. ஆக, பாராட்டு குற்றவாளி இல்லை. முன்கூட்டியே போடும் பேரம்தான் ஆசையை அரிக்கிறது.

அந்தப் பேரத்தை இன்று பெரியவர்களிடம் நாம் தினமும் போடுகிறோம். யாராவது நான்கு படம் நன்றாக வரைந்துவிட்டால், ‘ஆர்டர் எடுக்கலாமே’, ‘இன்ஸ்டாவில் பேஜ் ஆரம்பியுங்க’, ‘கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம் பண்ணலாமே’ என்று கிளம்பிவிடுகிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அடுத்த வாரமே அவர் தனக்குப் பிடித்த வாதாம் மரத்தை விட்டுவிட்டு, லைக் அதிகம் வாங்கும் கோபுரத்தையும் மயிலையும் வரையத் தொடங்கிவிடுகிறார். பார்வையாளர் கண் வந்து தூரிகையின்மேல் உட்கார்ந்துவிட்டது. தப்பாக வரைந்து பார்க்கும் துணிச்சல் அன்றோடு சரி.

‘சம்பாதிப்பது என்ன பாவமா? கலைஞன் சாப்பிட வேண்டாமா?’ என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. அதற்குச் சென்னையிலேயே ஒரு பதில் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தொடக்கத்தில் நீர்வண்ண நிலக்காட்சிகளால் பெயர் பெற்றவர். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரை ஓரமாகச் சுமார் 30 கலைஞர்கள் அவர் தலைமையில் சோழமண்டலம் கிராமத்தை உருவாக்கியபோது, ஓவியத்தை விற்றுப் பிழைப்பது என்று முடிவு செய்யவில்லை. பாட்டிக் துணியும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் அடுப்பு எரிந்தது. வாங்குபவர் முகத்தைப் பார்க்காமல் ஓவியம் தன் வழியில் போனது. தொழிலாகக் கலையை ஏற்றவர்களே பணத்தையும் படத்தையும் இரண்டு அறையில் வைக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ உள்ளவர் அந்த அறைகளை ஒன்றாக்க அவசரப்படுவதில் அர்த்தமில்லை.

இதன் மறுபக்கம் கோயம்பேடு, மாட்டுத்தாவணி பூச்சந்தைகளில் தெரியும். ஒரு கிலோ உதிரிப்பூவைத் தொடுத்தால் இவ்வளவு கூலி என்று வேலை செய்யும் பெண்களின் விரல்கள், எந்தப் பூ அலங்கார வகுப்பின் ஆசிரியரையும் தோற்கடிக்கும். கண் பார்க்காமலே கண்ணி விழுகிறது. கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் இடம் மாறாமல் கதம்பமாகின்றன. அந்த வேலையில் நாள் முழுக்க ஆனந்தம் என்று எழுதினால் அது பொய். இடுப்பும் கழுத்தும் வலிக்கும். முகூர்த்த நாளில் பூ விலை எங்கோ போனாலும் கூலி அதோடு ஏறாது. அதே பூ, அதே நார், அதே விரல் அசைவுதான். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்பதையெல்லாம் தானே தீர்மானிக்கும் உரிமை மட்டும் இங்கே இல்லை. வகுப்புக்குப் பணம் கட்டி வருகிறவர் உண்மையில் விலைகொடுத்து வாங்குவது அந்த உரிமையைத்தான்.

| பெட்டிச் செய்தி: தோவாளை மாணிக்கமாலை |
கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழி அருகே உள்ள தோவாளை, பூச்சந்தைக்குப் பெயர்போன ஊர். அங்கே கட்டும் மாணிக்கமாலை உருண்டையாக இருக்காது. பாய் போலத் தட்டையாக இருக்கும். சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சைக்கு நொச்சி இலை. பூக்களை மடித்து மடித்து நாரில் சேர்க்க, வரிசைகள் ரத்தினம் பதித்தது மாதிரி மின்னும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலோடு பழைய தொடர்புள்ள இந்த மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு அது 2013-லேயே வந்துவிட்டது. மல்லிக்குக் கிடைத்தது மண்ணுக்கான அங்கீகாரம் என்றால், தோவாளைக்குக் கிடைத்தது கைக்கானது.

நேரம் யாரிடம் இருக்கிறது?

‘இதெல்லாம் வசதி உள்ளவங்க விளையாட்டு’ என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். காசைப் பொறுத்தவரை இது பாதிதான் உண்மை. நல்ல தாள் விலை கூடுதல்தான். ஆனால் தொட்டியில் இருக்கும் குரோட்டன்ஸ் இலை, வேலியோரச் செம்பருத்தி, ஒரு பித்தளைச் சொம்பு இவற்றை வைத்தே பூ அடுக்கலாம். ரோஜாவும் லில்லியும் வேண்டியதில்லை. நேரத்தைப் பொறுத்தவரை குற்றச்சாட்டு முழு உண்மை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார். ஈடுபட்ட ஆண் 97 நிமிடம். ஆணுக்கு மிச்சமாகும் மூன்று மணி நேரத்துக்கு மேலான அந்த வித்தியாசத்தில்தான் பல வீடுகளில் ஓவியமும் வீணையும் வாசிப்பும் காணாமல்போயின. வண்ணப்பெட்டி பரணில் ஏறிய தேதியைக் கேட்டால், பல பெண்களுக்கு அது கல்யாணத் தேதிக்குப் பக்கத்தில் இருக்கும்.

இதில் இன்னொரு கோணலும் இருக்கிறது. கோலமும் பூத்தொடுத்தலும் தமிழ் வீடுகளில் தினமும் நடக்கும் கலைகள். புள்ளிக் கணக்கை மனதிலேயே போட்டு, சிக்குக் கோலத்தின் கோட்டை எங்கும் அறுபடாமல் கொண்டுவந்து மூடுவது சின்ன வித்தை இல்லை. ஆனால் அவை வேலைப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஜப்பானோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். கியோட்டோ நகரின் ரொக்ககுதோ கோயிலைச் சேர்ந்த இகெனோபோ மரபு பூ வைப்பதை ஒரு கலையாக வளர்த்தது. 1462-ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்றிலேயே அதன் பெயர் வருகிறது. துறவிகளும் சாமுராய்களும் செய்ததால் அது தத்துவமாயிற்று, பள்ளிகள் பிறந்தன, குரு பரம்பரை வந்தது. மெய்ஜி பேரரசர் காலத்தில் பெண்களின் கல்வியில் அது சேர்ந்தபோது, நல்ல மணமகளுக்கான பயிற்சி என்ற முத்திரையும் கூடவே குத்தப்பட்டது. ஒரே பூ, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கலையாகவும் கடமையாகவும் மாறுகிறது. சென்னையில் இகெபானா என்ற அந்த ஜப்பானியப் பூக்கலை வகுப்புக்குப் போகிறவர் கலை கற்கிறார் என்கிறோம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கதம்பம் தொடுக்கும் மாமியார் வேலை பார்க்கிறார் என்கிறோம். மாமியாரின் கதம்பத்தில் அலங்கார நுட்பம் கூடுதலாகவே இருந்தாலும்!

‘எனக்கு வரைய வராது’

எண்ணிக்கையில் பெரிய எதிர்ப்பு இதுதான். ஆனால் ரவீந்திரநாத் தாகூரே அறுபதைத் தாண்டியபின்தான் மும்முரமாக வரையத் தொடங்கினார். கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை இணைத்துக் கிறுக்கியதிலிருந்து பிறந்த பழக்கம் அது. 1930-ல் பாரிஸில் முதல் கண்காட்சி நடந்தபோது அவருக்கு வயது 69. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை விட்டுச்சென்றார். அவர் மகாகவி, அவரை உதாரணம் காட்டினால் எடுபடாது என்பவர்களுக்கு மதுரையின் மனோகர் தேவதாஸ் இருக்கிறார். 1936-ல் பிறந்தவர், தொழிலால் வேதியியலாளர். விழித்திரை மெல்ல அழியும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோயால் பார்வை வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்த காலத்தில், மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் நுணுக்கமான கோட்டோவியங்களாக வரைந்துகொண்டிருந்தார். மனைவி மஹிமாவும் ஓவியம் தெரிந்தவர். 1972-ல் கார் விபத்தில் தோளுக்குக் கீழே செயலிழந்தவர். அந்தப் படங்களை வாழ்த்து அட்டைகளாக்கி வந்த பணத்தை இருவரும் தர்ம காரியங்களுக்குக் கொடுத்தார்கள். 2020-ல் பத்மஸ்ரீ வந்தது, 2022-ல் அவர் மறைந்தார். இவரைச் சாதனையாளர் பட்டியலில் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்வது நமக்குச் சுலபம். கண் மங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்த வேலையை விடாமல் வைத்திருந்தார் என்றால், அதைச் செய்யும் நேரம் அவருக்கு எவ்வளவு தந்திருக்கும் என்று கேட்பதுதான் மரியாதை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் ‘நான் ஏன் வரைய வேண்டும்?’ என்ற கேள்விக்குப் புதிய பலம் கிடைத்திருக்கிறது. மழையில் நனையும் மயிலாப்பூர் என்று தட்டினால் சில நொடியில் நீர்வண்ணப் படம் வந்து விழுகிறது; பலர் கையால் வரைவதைவிட அது அழகாகவும் இருக்கிறது. படம்தான் நோக்கம் என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டு வண்ணப்பெட்டியை மூடிவிடலாம். விளக்கப்படம் வரைந்து பிழைப்பவர்களுக்கு இது நிஜமான அடி, அதை மழுப்ப வேண்டியதில்லை. தனக்காக வரைகிறவரின் நிலைமை வேறு. இயந்திரம் படத்தைத்தான் செய்து தருகிறது. ஈரம் காய்வதற்குள் முடிவெடுத்த அந்தப் பத்து நிமிடத்தை அதனால் யாருக்கும் செய்து தர முடியாது.

‘வராது’ என்ற எண்ணம் பெரும்பாலும் பள்ளியில்தான் விதைக்கப்படுகிறது. தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக 2012-ல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடக்கணக்காகப் போராடிவருகிறார்கள். தனியார் பள்ளிகளில் நிலைமை மேல் என்று சொல்லிவிட முடியாது: பத்தாம் வகுப்பு நெருங்கும்போது ஓவிய வகுப்பைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது எழுதப்படாத சட்டம். ஆப்பிளுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை என்று கோட்டுக்குள் தீட்டி மதிப்பெண் வாங்கிய குழந்தை, நாற்பது வயதில் வெள்ளைத் தாளைக் கண்டு பயப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

எனவே கோரிக்கைகள் சில. பள்ளிக் கல்வித் துறை ஓவிய ஆசிரியர்களின் ஊதியத்தையும் பணி நிலையையும் முடிவுசெய்ய வேண்டும். ஓவிய வகுப்பை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போட வேண்டும். மாவட்ட மைய நூலகங்களிலும் மாநகராட்சிப் பூங்காக்களிலும் வாரம் ஒரு மாலை, நீண்ட மேசைகளும் தண்ணீர்க் குழாயும் உள்ள இடத்தைப் பெரியவர்களுக்குத் திறந்துவிடுவது பெரிய செலவு பிடிக்கும் திட்டம் அல்ல. வீட்டில் யாராவது தூரிகையையோ பூவையோ எடுத்து உட்கார்ந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்கு அடுப்பையும் துணியையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகு, ‘இதை எவ்வளவுக்கு விற்கலாம்?’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.